எமன் வேலைநிறுத்தம் செய்தால் முதலில் பதறுவது யார் தெரியுமா?

மார்க்கண்டேயன் கதை உங்களுக்குத் தெரியும். பதினாறு வயது, லிங்கத்தைக் கட்டிக்கொண்ட பையன், பாசக்கயிறு, ஈசன் விட்ட ஒரே உதை, எமன் காலி! திருக்கடையூர் என்றால் எல்லோரும் இதுவரை சொல்லிவிடுவார்கள். அதற்கு மறுநாள் என்ன நடந்தது, தெரியுமா?

அதைச் சொல்லும் ஊர் வேறு. திருச்சிக்குப் பக்கத்தில், மண்ணச்சநல்லூர் வட்டத்தில் இருக்கிற திருப்பைஞ்ஞீலி. எமன் போய்விட்டான், ஆகவே யாரும் சாகவில்லை. பிறப்பு மட்டும் நின்றபாடில்லை. பாரம் தாங்காமல் திணறிய பூமாதேவி, தேவர்களோடு போய் ஈசனிடம் முறையிட்டாளாம். அவரும் எமனுக்கு உயிர் கொடுத்து, பழைய உத்தியோகத்தையே திருப்பிக் கொடுத்தார் என்கிறது தலபுராணம். எமனுக்கு அங்கே சன்னதியே உண்டு!

கவனித்தீர்களா? எமன் இல்லையே என்று புகார் கொடுத்தவள் சுமை தூக்குகிறவள்! பக்தர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

போர்ச்சுகல் எழுத்தாளர் ஜோஸே சரமாகோ 2005-இல் வெளியிட்ட நாவலிலும் இதே கூத்துதான். புத்தாண்டு பிறந்த நொடியிலிருந்து ஒரு நாட்டில் சாவு நின்றுபோகிறது. பிரதமருக்கு முதல் ஆளாகப் போன் போட்டுப் பதறுபவர் ஒரு கார்டினல்: சாவு இல்லையென்றால் உயிர்த்தெழுதல் ஏது, உயிர்த்தெழுதல் இல்லையென்றால் திருச்சபை ஏது! அடுத்து வருகிறார்கள் சவ அடக்கம் செய்யும் கம்பெனிக்காரர்கள். இனி நாய், பூனை, கிளியைப் புதைக்கவாவது எங்களிடம் வரவேண்டும் என்று சட்டம் போடச் சொல்லிக் கேட்கிறார்கள்!

கார்டினலா, கம்பெனியா, நிஜத்தில் யார் முதலில் பதறுவார்கள்? மருத்துவம் சாவைத் தள்ளிப்போட்ட இடங்களையும், தள்ளிப்போட ஆசைப்பட்ட இடங்களையும் ஒரு சுற்று சுற்றி வருவோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

சாகாவரம் ஏற்கெனவே கடலில் நீந்துகிறது, தெரியுமா?

டுரிடாப்சிஸ் டோர்னி என்று ஒரு ஜெல்லி மீன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அடிபட்டாலோ, பட்டினி கிடந்தாலோ தன் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிப்போய் மறுபடி வளரத் தொடங்கும். மூட்டுவலி வந்த தாத்தா தொட்டிலில் ஏறிப் படுத்து ‘ங்ஙா’ என்றால் எப்படி இருக்கும், அப்படி! வேறு மீன் விழுங்கினால் கதை முடிந்தது. மற்றபடி முதுமையால் சாகவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

கிரீன்லாந்து சுறா இன்னும் நிதானம். அது வயசுக்கு வரவே 150 வருஷம் ஆகும்! 2016-இல் வெளியான ஆய்வில் மிக மூத்த சுறாவுக்குக் குறைந்தபட்சம் 272 வயது. பிளாசிப் போருக்கு முன்னால் பிறந்தது!

மனிதனுக்கு? ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த கிருமியிலிருந்து பிறந்தது ராபமைசின் என்ற மருந்து. 600 நாள் வயதான, அதாவது நம் கணக்கில் அறுபதாம் கல்யாணத்தை நெருங்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வந்தது: பெண் எலிகளுக்கு 14 சதவீதமும் ஆண் எலிகளுக்கு 9 சதவீதமும் ஆயுள் நீண்டது! ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006-இல் நான்கே நான்கு மரபணுக்களை வைத்து முதிர்ந்த செல்லைக் கருப்பருவத்துக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு. அந்த வித்தையை வைத்து முதுமையைப் பின்னோக்கி ஓட்ட 2022-இல் ஆல்டோஸ் லேப்ஸ் தொடங்கப்பட்டபோது கையில் இருந்த முதல் எவ்வளவு? 300 கோடி டாலர்!

ஒரு மனுஷியின் செல்களோ சாகாவரம் வாங்கி எழுபது ஆண்டுக்கு மேலாகிறது. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1951-இல் பால்டிமோரில் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் உலக ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை வைத்துச் சம்பாதித்த ஒரு கம்பெனிமேல் குடும்பத்தார் வழக்குப் போட்டு, 2023-இல்தான் சமரசம் ஆனது. சாகாவரம் பெற்ற முதல் மனித செல் கடைசியில் போய் நின்ற இடம் கோர்ட்டு! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வழிநெடுக இதே கதைதான்.

பாட்டி சாகட்டும் என்று காத்திருந்து நோட்டரி செத்துப்போனார், தெரியுமா?

பிரான்ஸில் ஆர்ல் என்று ஓர் ஊர். 1965-இல் அங்கே 90 வயது ழான் கால்மான் பாட்டி தன் வீட்டை 47 வயது நோட்டரி ஒருவருக்கு எழுதிக்கொடுத்தார். பிரான்ஸில் வெகுகாலமாக உள்ள ஏற்பாடு அது: பாட்டி உயிரோடு இருக்கும்வரை வீடு பாட்டிக்கு. வாங்குபவர் மாதாமாதம் 2,500 பிராங்க் கொடுக்கவேண்டும். பாட்டி கண்ணை மூடிய அன்று வீடு அவருக்கு. தொண்ணூறு வயசு! மிஞ்சிப்போனால் ஐந்து வருஷம் என்று நோட்டரி போட்ட கணக்கில் என்ன தப்பு?

ஐந்து வருஷம் போயிற்று. பத்து போயிற்று. இருபது போயிற்று! பாட்டி நூறைத் தாண்டினார், 110-ஐத் தாண்டினார். 117 வயதில் ‘போதும்’ என்று சிகரெட்டை விட்டார்! 1995-இல் நோட்டரி 77 வயதில் காலமானார். வீட்டு விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கட்டியாகிவிட்டது, ஒருநாள்கூடக் குடியேறவில்லை. தவணை நின்றதா? அதுதான் இல்லை! அவர் மனைவி தொடர்ந்து கட்டினார். பாட்டி 1997 ஆகஸ்ட் 4 அன்று, 122 வயதும் 164 நாளும் ஆன பிறகுதான் விடைபெற்றார். இன்றுவரை உலகச் சாதனை!

ஆயிரம் பிறை கண்டவர் என்று 80 வயதில் சதாபிஷேகம் செய்கிறோமே, இந்தப் பாட்டி கண்டது 1,500 பிறைக்கும் மேல். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷச் சக்கரத்தை இரண்டு முறை முழுசாகச் சுற்றி, மூன்றாவதிலும் கால் வைத்தவர்.

இதற்கும் ஒரு வாலுண்டு. 2018-இல் ரஷ்ய ஆய்வாளர்கள், ‘1934-இல் செத்தது தாய்தான், வாரிசு வரியிலிருந்து தப்பிக்க மகள் தாயாக நடித்தாள்’ என்று கிளப்பினார்கள். பிரெஞ்சு நிபுணர்கள் ஆவணங்களைப் புரட்டி அதை மறுத்தார்கள். பாருங்கள்! உலகிலேயே அதிக நாள் வாழ்ந்தவர்மேல் வந்த சந்தேகம்கூட வரி சம்பந்தமானது!

ஜப்பான் அரசு வெள்ளிக் கிண்ணத்தில் கஞ்சத்தனம் பார்த்தது ஏன் தெரியுமா?

ஜப்பானில் நூறு வயதைத் தொடுபவருக்குப் பிரதமர் பெயரில் ஒரு வெள்ளி மதுக் கிண்ணம் பரிசு. 1963-இல் தொடங்கியபோது நாடு முழுக்க நூறு வயதுக்காரர்கள் 153 பேர். கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? 2025-இல் அவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 99,763! ஒரு லட்சத்துக்கு நூலிழை குறைவு! கட்டுப்படியாகாமல் 2016-லேயே அசல் வெள்ளியை விட்டுவிட்டு வெள்ளி முலாம் பூசிய கிண்ணத்துக்கு இறங்கிவிட்டது அரசு. வாழ்த்து குறையவில்லை. வெள்ளிதான் தேய்ந்தது!

அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-இல். அந்தப் போருக்கான கடைசி பென்ஷனை அரசு எப்போது கொடுத்து முடித்தது? 2020-இல்! போர்வீரர் ஒருவர் முதுமையில் மறுமணம் செய்து, 83 வயதில் ஒரு மகளுக்குத் தந்தையானார். அந்த மகள் மாதம் 73 டாலர் 13 செண்ட் வாங்கிக்கொண்டு 90 வயதுவரை இருந்தார். ஒரு தந்தையும் ஒரு மகளும் கொஞ்சம் நிதானமாக வாழ்ந்ததற்கே ஒரு போரின் கணக்கு 155 வருஷம் இழுத்தது. எல்லோரும் 300 வருஷம் வாழ்ந்தால்?

சாகாத மருந்துக்கு ஆசைப்பட்ட அரசன் மடங்களை மூடினான், தெரியுமா?

சீனாவின் தாங் வம்சத்தில் வூசோங் என்று ஒரு பேரரசன். தாவோ மதத்தில் தீவிரப் பற்று, சித்தர் பாணி ரசவாத மருந்துகளில் அதைவிடத் தீவிரப் பற்று. 845-இல் அவன் போட்ட உத்தரவில் 4,600 புத்த மடாலயங்கள் மூடப்பட்டு, 2,60,000-க்கும் மேற்பட்ட துறவிகள் காவியைக் களைந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எந்தக் கணக்கில் அவர்களைச் சேர்த்தான் தெரியுமா? வரி கட்டுவோர் பட்டியலில்! மடங்களுக்கு வரி இல்லை, கஜானாவோ காலி. மதச் சண்டைக்குள்ளும் ஒரு பேரேடு! மறு வருஷமே, 31 வயதில், சாகாமலிருக்கச் சாப்பிட்ட மருந்தே அவனைத் தீர்த்துக்கட்டியது.

சாவு இல்லாவிட்டால் தலாய் லாமாவும் இல்லை, தெரியுமா?

திபெத்திய மரபில் அடுத்த தலாய் லாமா மறுபிறவி எடுத்து வரவேண்டும். மறுபிறவிக்கு முதல் தகுதி? போய்ச் சேருவது! இப்போதைய 14-ஆவது தலாய் லாமாவுக்கு 2025 ஜூலை 6-இல் 90 முடிந்தது. இன்னும் நாற்பது வருஷம் இருப்பேன் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்கிறார். தேடும் உரிமை தன் அறக்கட்டளைக்கு மட்டுமே என்று அறிவித்தும்விட்டார். சீன அரசோ 2007-லேயே சட்டம் போட்டுவிட்டது: மறுபிறவி எடுக்க அரசு அனுமதி வேண்டும்! கடவுள் நம்பிக்கையே இல்லாத கட்சி, மறுபிறவிக்கு மனுப் படிவம் வைத்திருக்கிறது!

வாடிகன் வேறு வழி கண்டது. மருத்துவம் கார்டினல்களைத் தொண்ணூறு தாண்டியும் நடமாட வைத்துவிட, போப் ஆறாம் பவுல் 1970-இல் ஒரு கோடு கிழித்தார்: 80 தாண்டிய கார்டினலுக்குப் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க ஓட்டு கிடையாது. போப்புக்கு மட்டும் ஆயுள் பதவி. அதையும் 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் 85 வயதில் தாமாகவே இறக்கிவைத்தார். ஏறக்குறைய 600 வருஷத்தில் நடக்காதது! உலகம் இடிந்ததா? இரண்டு வெள்ளை அங்கிகள் ஒரே மதில் சுவருக்குள் ஒன்பது வருஷம் வாழ்ந்தன, பூசையும் நடந்தது. நாவலில் பதறிய கார்டினலைவிட நிஜக் கார்டினல்கள் நிதானமானவர்கள்!

செத்துப்போன அப்பாவை எழுப்புவது மகன் கடமை என்றவரைத் தெரியுமா?

மாஸ்கோவில் நிகலாய் ஃபியோதரவ் என்று ஒரு நூலகர், 1829 முதல் 1903 வரை வாழ்ந்தவர். பழுத்த கிறிஸ்தவர். சாவை வெல்லும் காரியத்தைக் கடவுள் மனிதனிடம்தான் ஒப்படைத்திருக்கிறார், அறிவியலைக் கொண்டு அதைச் செய்யவேண்டும் என்றார். நாம் சாகாமலிருந்தால் மட்டும் போதாதாம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று இதுவரை செத்த அத்தனை பேரையும் எழுப்பவேண்டுமாம்! திதி கொடுப்பதோடு நிற்காதே, ஆளையே கூட்டிக்கொண்டு வா என்பதுதான் சுருக்கம். தல்ஸ்தோயும் தஸ்தயேவ்ஸ்கியும் அவர்மேல் மதிப்பு வைத்திருந்தார்கள்.

எழுப்பினால் எங்கே குடிவைப்பது? பூமாதேவியின் அதே கேள்வி! பிற கோள்களில் என்றார் ஃபியோதரவ். அவர் வேலை பார்த்த நூலகத்துக்குப் படிக்க வந்த காது கேளாத ஏழைப் பையன் ஒருவன் பின்னாளில் ராக்கெட் பயணத்துக்குச் சூத்திரமே எழுதினான். அவன் பெயர் த்ஸியல்கோவ்ஸ்கி!

கதை இன்றும் முடியவில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் ‘நித்திய வாழ்வுத் திருச்சபை’ என்று ஒன்று 2013-இல் திறக்கப்பட்டது. மருத்துவத்தால் சாவை வெல்வதே அதன் வேதம். அது போற்றும் தீர்க்கதரிசிகள் இருவர்: ஒருவர் ஃபியோதரவ், இன்னொருவர் 1956 முதல் சாகும்வரை இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்! மதம் அழியுமா என்று கேட்டால், அது புதுக்கிளை விட்டு நிற்கிறது!

ஒரு கணவர், இரண்டு மனைவிகள், மைனஸ் 196 டிகிரி! தெரியுமா?

உடலைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்தால் பின்னால் வரும் மருத்துவம் எழுப்பிவிடும் என்று 1960-களில் எழுதி இயக்கம் கண்டவர் ராபர்ட் எட்டிங்கர். 1967-இல் உறைநிலைக்குப் போன முதல் மனிதர் ஜேம்ஸ் பெட்ஃபர்ட் இன்றும் அரிசோனாவில் காத்திருக்கிறார். இதுவரை எழுந்தவர் யாருமில்லை.

எட்டிங்கர் சொன்னதைச் செய்தார். 1977-இல் தாயை உறையவைத்தார். 1987-இல் முதல் மனைவியை. அப்புறம் மறுமணம். 2000-இல் இரண்டாவது மனைவியை. 2011-இல் தாமே 92 வயதில் போய்ச் சேர்ந்துகொண்டார். எல்லோரும் மிச்சிகனில் ஒரே நிறுவனத்தில்! நாளைக்கு மூவரும் எழுந்தால்? ‘சாவு நம்மைப் பிரிக்கும்வரை’ என்கிற கல்யாண வாக்கு முதல் மனைவியோடு முடிந்ததா, தொடர்கிறதா? காப்பியை யார் கையால் வாங்குவார்? மதகுருக்கள் இதற்குப் பதில் கண்டுபிடித்துவிடுவார்கள். சொத்துப் பிரிக்கும் வக்கீல்தான் பாவம்!

செத்துப் பிழைத்தேன், தண்டனை முடிந்தது என்று வாதாடிய கைதியைத் தெரியுமா?

அயோவா மாநிலச் சிறையில் ஓர் ஆயுள் கைதி. 2015-இல் சிறுநீரகக் கல்லால் உடம்பெல்லாம் விஷமேறி இதயம் நின்றது. டாக்டர்கள் ஐந்து முறை உயிரை மீட்டார்கள். குணமானதும் மனுப் போட்டார்: ‘ஆயுள் தண்டனை என்பது சாகும்வரை. நான் செத்தேன். தண்டனை முடிந்தது, விடுங்கள்!’ 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது ரத்தினச் சுருக்கம்: இவர் உயிரோடு இருந்தால் சிறையில் இருக்கவேண்டும், செத்துவிட்டாரென்றால் இந்த மேல்முறையீடே செல்லாது!

நம் ஊரிலும் ஆயுள் தண்டனை என்றால் எஞ்சிய ஆயுள் முழுவதும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. ஆயுள் 500 வருஷம் ஆனால்? பதிப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷம் கழித்து நூல் பொதுச்சொத்து. முன்பு 50-ஆக இருந்ததை, தாகூர் நூல்களின் கெடு தீர்ந்த சமயத்தில் 1992-இல் 60 ஆக்கினார்கள். சாகாத எழுத்தாளருக்கு அந்த மீட்டர் ஓடவே தொடங்காது!

சாகாதவருக்குச் சாப்பாடு, சாகாதவர் போட்ட சாப்பாடு, இரண்டும் தெரியுமா?

ஜப்பானில் கோயா மலை. ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவிய கூக்காய் 835-இல் அங்கே சமாதியானார். இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் இன்றும் தினமும் இரண்டு வேளை, துறவிகள் மரப்பெட்டியில் சூடான உணவைச் சுமந்துகொண்டு, தேவதாரு மரங்களுக்கு நடுவே அவர் சமாதிக்குப் போகிறார்கள். ஏறக்குறைய 1,200 வருஷமாக!

இங்கே நம் வள்ளலார். மரணமிலாப் பெருவாழ்வைப் பேசியவர் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒளியாகிவிட்டார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1867 மே 23 அன்று, வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசித்து வந்தவருக்கு இன்றும் இலை விழுகிறது. கோயா மலையில் சாகாதவருக்கு மற்றவர்கள் சோறு கொண்டுபோகிறார்கள். வடலூரில் சாகாதவர் மற்றவர்களுக்குச் சோறு போடுகிறார். ஒரே நம்பிக்கை, இரண்டு அடுப்படி!

போகும் உரிமைக்கும் கல்வெட்டு இருக்கிறது, தெரியுமா?

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று. பாறையில் பழைய வட்டெழுத்துச் சாயலில் ஒரு கல்வெட்டு: சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம். அதே மரபான சல்லேகனையைத் தற்கொலைக் குற்றம் என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமணர்கள் ஊர்ஊராக மௌன ஊர்வலம் போனார்கள். அந்த மாதம் முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. மருத்துவம் எல்லோரையும் பிடித்து நிறுத்திவைக்கும் காலம் வந்தால், விடைபெறும் உரிமைக்காக முதலில் குரல் கொடுக்க ஆள் தயார்!

இவ்வளவு கேட்டபிறகு உங்களுக்கு 120 வேண்டுமா?

யூதர்கள் பிறந்தநாளில் ‘120 வரை வாழ்க’ என்று வாழ்த்துவார்கள். மோசே வாழ்ந்த வயது அது. 2013-இல் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் கேட்டது: மருத்துவம் 120 வயது தந்தால் வேண்டுமா? 56 சதவீதம் பேர் ‘எனக்கு வேண்டாம்’ என்றார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்றதற்கு 68 சதவீதம் பேர் ‘ஓ, வாங்குவார்களே!’ என்றார்கள். பந்தியில் ‘எனக்குப் போதும், பக்கத்து இலைக்குப் பாயசம்’ என்கிற அதே மனசு!

மறுபடி திருக்கடையூருக்கு வாருங்கள். ஒரு முகூர்த்த நாளில் பிராகாரத்தைப் பாருங்கள். வரிசையாகக் கலசங்கள், ஹோமப் புகை, ஈரப் பட்டுப்புடவையில் நடுங்கும் பாட்டி, மாலை கழுத்தை அழுத்த நெளியும் தாத்தா, போன் கேமராவோடு பேரன்கள். அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். எமனை உதைத்த ஊரிலேயே, யாரும் மொத்தமாகச் சாகாவரம் கேட்பதில்லை. பத்துப் பத்தாக, தவணை முறையில்தான் கேட்கிறார்கள். இந்தியாவின் சராசரி ஆயுள் 1951-இல் 32 வயது. இன்று 70-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டு மடங்காகியும் கோவில் அசரவில்லை. கூட்டத்துக்கு ஏற்ப வரிசை நீண்டது, அவ்வளவுதான்.

நாளைக்கே மருத்துவம் 160 தந்தாலும் அதற்கு ஒரு சாந்திப் பெயர் கண்டுபிடிக்கக் குருக்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அந்த 160 வயதுத் தாத்தாவுக்குப் பின்னால் 135 வயது மகன், 110 வயது பேரன், 85 வயது கொள்ளுப்பேரன் என்று மூன்று தலைமுறை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்குமே... ஊரில் இருக்கிற அந்த ஒரே வீட்டின் பத்திரம் இன்னும் யார் பேரில் இருக்கிறது, தெரியுமா?